நந்தனுக்கு வாய்த்த கதைகள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



 என்னை அழைத்த தமிழ்த்துறை 'கதையும் அடையாளமும்' என்று தலைப்பு தந்திருக்கிறது. கோட்பாடு பேசியே இந்த ஒரு மணி நேரத்தை ஓட்டிவிடலாம். எனக்கு அதில் ருசி குறைவு. ஒரே ஒரு கதையை எடுத்துக்கொள்கிறேன். கொள்ளிடக் கரை ஆதனூரில் பிறந்து, தில்லைக்குப் போக ஆசைப்பட்டு, 'நாளைக்குப் போவேன்' என்று சொல்லிச் சொல்லியே திருநாளைப்போவார் என்று பெயர் பெற்ற நந்தனாரின் கதை.

ஏன் இந்தக் கதை? ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழர்கள் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் எதையோ சேர்த்தார்கள், எதையோ விட்டார்கள். ஊரில் இருந்தவர்கள் சேரியில் இருந்தவர்களை எப்படிப் பார்க்க விரும்பினார்கள் என்பது அந்தச் சேர்க்கையிலும் விடுதலிலும் பதிவாகியிருக்கிறது. சேரியில் இருந்தவர்கள் தங்களைப் பற்றி ஊர் சொன்ன கதையை என்ன செய்தார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. நந்தன் வரலாற்றில் இருந்தாரா என்ற கேள்விக்குள் நான் போகப்போவதில்லை. இருந்திருக்கலாம். இன்று நமக்கு வேண்டியவர்கள் அவரைப் பற்றிச் சொன்னவர்கள்.

சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் பட்டியலோடு பட்டியலாகப் பெயரை மட்டும் சொல்கிறார். நம்பியாண்டார் நம்பி தம் அந்தாதியில் ஒரு பாட்டு தருகிறார். ஊர் எது, குலம் எது, தில்லையில் இறைவன் அருளால் முனிவரானார் என்ற அளவு. கதை என்று சொல்லத்தக்க கதை 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழாரின் பெரியபுராணத்தில்தான் உருவாகிறது.

சேக்கிழார் சோழ அரசில் பெரிய பொறுப்பில் இருந்தவர் என்று மரபு சொல்கிறது. அவர் ஆதனூர்ச் சேரியைப் பார்த்திருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மருத மர நிழலில் தோலை விரித்து அதன்மேல் பிள்ளையை உறங்கவைக்கும் பெண், மண்ணில் புதைத்த பானைக்குள் அடைகாக்கும் கோழி, மாங்கிளையில் தொங்கும் பறைகள், தென்னையடியில் நாய்க்குட்டிகள் என்று ஒரு சித்திரம் வரைகிறார். பக்தி நூலில் இப்படி ஒரு இடம் வேறு எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். இழிவு என்று ஒதுக்கப்பட்ட குடியிருப்பை அத்தனை நெருக்கமாகப் பார்த்த கண் அது.

அந்தச் சேரியில் அவர் காட்டும் நந்தனார் யார்? ஊருக்குத் தொழில் செய்ததற்காக விடப்பட்ட நிலத்தின் விளைச்சலில் வாழ்கிறார். சிவன் கோயில்களின் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் கொடுக்கிறார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுக்கிறார். அர்ச்சனைக்குக் கோரோசனை கொடுக்கிறார். தொழிலறிந்த கைவினைஞர். திருப்புன்கூருக்குப் போய் வாசலில் நின்று கும்பிடுகிறார். நந்தி மறைக்கிறது, இறைவன் விலகச் சொல்கிறார், நந்தி விலகுகிறது. இன்றைக்கும் வைத்தீசுவரன் கோயில் பக்கத்தில் அந்த ஊருக்குப் போனால் நேர்க்கோட்டில் இல்லாமல் தள்ளி உட்கார்ந்திருக்கும் நந்தியைக் காட்டுவார்கள். கும்பிட்டுவிட்டு அவர் சும்மா திரும்பவில்லை. குளம் வெட்ட வாகான பள்ளம் ஒன்று கண்ணில் படுகிறது, வெட்டிவிட்டுப் போகிறார். இந்தக் குளத்தைப் பிற்காலக் கதைகள் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. எனக்கோ நந்தனார் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அப்புறம் தில்லை. எல்லையிலேயே நின்றுவிடுகிறார். உள்ளே வேள்விப் புகை. தம் பிறப்பு தடை என்று வருந்தி உறங்குகிறார். இறைவன் கனவில் வந்து, தீயில் மூழ்கி அந்தணரோடு உள்ளே வா என்கிறார். தில்லைவாழ் அந்தணர்கள் கனவிலும் தோன்றித் தீ மூட்டச் சொல்கிறார். தெற்கு மதில் வாசலுக்கு வெளியே தீ மூட்டுகிறார்கள். வலம்வந்து இறங்குகிறார். பூணூலும் சடைமுடியுமாக முனிவர் வடிவில் எழுகிறார். கோயிலுக்குள் போகிறார். மறைகிறார்.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். சேக்கிழாருக்கு வேறு முடிவே தெரியாதா? நன்றாகத் தெரியும். அதே நூலில் கண்ணப்பர் இருக்கிறார். வேடர். வாயில் கொண்டுவந்த நீரையும் கடித்துச் சுவைபார்த்த இறைச்சியையும் படைத்தவர். அவரைத் தீயில் இறங்கு என்று யாரும் சொல்லவில்லை. அவர் செய்வதே பூசை என்று சிவனே சிவகோசரியாருக்குச் சொல்கிறார். திருநீலகண்ட யாழ்ப்பாணரும் இருக்கிறார். மதுரையில் அவரைக் கோயிலுக்குள் அழைத்துவரச் சொல்லிக் கனவில் கட்டளை வருகிறது. யாழ் ஈரத்தரையில் படக்கூடாது என்று பொற்பலகை இடச் சொல்லி இறைவனே அருள்கிறார். திருவாரூரில் அவருக்காக வடக்கில் தனி வாசல் ஒன்று திறக்கிறது. பிறந்த உடம்போடு உள்ளே போன இவர்களையெல்லாம் பாடிய அதே புலவர், நந்தனாரை மட்டும் எரித்து வேறு உடம்பில்தான் உள்ளே அனுப்புகிறார்.

என் விளக்கம் இது. கண்ணப்பர் காளத்தி மலைக்காட்டில் இருப்பவர். நாளைக் காலை அவர் உங்கள் தெருவுக்கு வரப்போவதில்லை. யாழ்ப்பாணர் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பவர், அதிலும் சம்பந்தரோடு போகிறவர். நந்தனார் உங்கள் ஊரின் ஓரத்திலேயே இருக்கிறார். இன்று அவர் உள்ளே வந்தால் நாளை அவருடைய பங்காளியும் வருவார், மறுநாள் மொத்தச் சேரியும் வந்து நிற்கும். தொலைவில் இருக்கும் அந்நியனைப் பற்றிக் கதை சொல்லும்போது நமக்குத் தாராளம் வந்துவிடுகிறது. பக்கத்தில் இருப்பவனைப் பற்றிச் சொல்லும்போது நிபந்தனை போடுகிறோம். சேக்கிழார் கொடுமைக்காரர் என்று சொல்லவில்லை. அவர் கையிலிருந்த மரபிலேயே, நம்பியின் பாட்டிலேயே, முனிவராவது வந்துவிட்டது. ஆனாலும் சேரியை அத்தனை அன்போடு பார்த்த கண் கோயில் வாசலில் வந்ததும் மூடிக்கொண்டது என்பதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இப்போது ஒன்று கேட்கிறேன். நான் இதுவரை சொன்ன கதையில் வேதியர் வந்தாரா? நந்தனாரின் எஜமானர், அனுமதி மறுப்பவர், வந்தாரா? வரவில்லை. பெரியபுராணத்தில் அவர் கிடையாது. 'சேக்கிழார் காட்டும் வேதியரின் கொடுமை' என்று பட்ட வகுப்பு விடைத்தாள்களில் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதை நான் திருத்தியிருக்கிறேன். எழுதியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் பெரியபுராணத்தைப் படிக்கவில்லை, ஆனால் நந்தனார் கதை அவர்களுக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரிந்த அந்தக் கதையைச் செய்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார்.

நாகப்பட்டினம் பக்கம் நரிமணத்தில் பிறந்து, முடிகொண்டானிலும் ஆனந்ததாண்டவபுரத்திலும் வாழ்ந்தவர் பாரதியார். பிரம்மச்சாரி, பாடகர், மிராசுதார் வீட்டு ஆதரவில் காலம் கழித்தவர். 1860களின் தொடக்கத்தில் அச்சேறிய அவருடைய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை, காரைக்காலிலிருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் ஆதரவில் வந்த நூல். உ.வே.சாமிநாதையர் மாயவரத்தில் இவரிடம் கொஞ்ச காலம் இசை கற்றார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாரதியார் சிறப்புப்பாயிரம் கேட்டு நடையாய் நடந்ததையும் உ.வே.சா. எழுதிவைத்திருக்கிறார். இலக்கண வழுக்கள் மலிந்த நூலுக்குப் பாயிரம் தருவதா என்று பிள்ளையவர்கள் இழுத்தடித்தார். ஒருநாள் திண்ணையில் காத்திருந்த பாரதியார் தம் கீர்த்தனத்தையே உருகிப் பாட, கேட்ட பிள்ளையவர்கள் மனம் இளகிப் பாயிரம் கொடுத்தார். இலக்கணம் தோற்று இசை வென்ற இந்த நிகழ்ச்சியைப் பலர் ரசித்துச் சொல்வார்கள். நானும் ரசிக்கிறேன். கூடவே ஒன்று தோன்றுகிறது. அந்த இசைக்கு அப்படி ஒரு வலு இருந்ததால்தான் பாரதியார் கதையில் செய்த மாற்றம் யார் கண்ணிலும் உறுத்தாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

மாற்றம் சிறியதில்லை. சொந்தத் தொழிலும் அதற்கான நிலமும் உள்ள கைவினைஞர் இங்கே பண்ணையாள் ஆகிவிட்டார். அவருக்கு மேல் ஒரு வேதியர், நிலக்கிழார். சிதம்பரம் போக லீவு கேட்கிறான் நந்தன். ஏசுகிறார், மறுக்கிறார், கடைசியில் நாற்பது வேலி நிலத்தையும் பயிரிட்டு முடித்துவிட்டுப் போ என்கிறார். ஒரே இரவில் சிவகணங்கள் வந்து வேலையை முடிக்கின்றன. காலையில் விளைந்து நிற்கும் பயிரைப் பார்த்து வேதியர் நந்தன் காலில் விழுகிறார். இதில் ஒரு துளிகூடச் சேக்கிழாரிடம் இல்லை. முழுக்க 19ஆம் நூற்றாண்டுத் தஞ்சாவூர்.

அடிமை முறையைச் சட்டம் அங்கீகரிக்காது என்ற அறிவிப்பு இந்தியாவில் 1843இல் வந்தது. தஞ்சைப் பண்ணைகளில் அதனால் பெரிதாக எதுவும் மாறவில்லை. ஆள் பண்ணையோடு கட்டப்பட்டவனாகவே இருந்தான். ஊர்விட்டுப் போக உத்தரவு வேண்டும். இன்னொரு பக்கம் நாகப்பட்டினத்துறையிலிருந்து மலாயாவுக்கு ஆட்களை ஏற்றிக் கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. ஆள் போய்விடுவானோ என்பது மிராசுதார்களின் நிஜமான பயம். இந்தச் சூழலில், 'ஐயா, நான் போய்வர உத்தரவு கொடுங்கள்' என்று கேட்கும் பண்ணையாளின் கதை மிராசுதார் கூடத்தில் உட்கார்ந்து பாடப்படுகிறது. தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் போன்றவர்கள் இதைக் கதாகாலட்சேபமாக்கி ஊரெல்லாம் கொண்டுபோனார்கள். கேட்டவர்கள் அழுதார்கள். அந்த அழுகை பொய் என்று நான் நினைக்கவில்லை. வேதியர் காலில் விழும் இடத்தில் வேதியர்களே அழுதிருக்கிறார்கள் என்றால் அது ஒரு கலைஞனின் வெற்றி. ஆனால் அழுதவர்களின் வீட்டுப் பண்ணையாட்களுக்கு மறுநாள் காலை வேலை நேரம் மாறவில்லை.

இந்தக் கீர்த்தனையில் இன்னொரு இழை ஓடுகிறது. அதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. பாரதியாரின் நந்தன் சேரிக்குள் தனியாள். மற்றவர்கள் காட்டேரியையும் வீரனையும் கும்பிடுகிறார்கள், பலியிடுகிறார்கள், கள் குடிக்கிறார்கள். நந்தன் அதையெல்லாம் விடச் சொல்கிறான். பெரியவர்கள் அவனைப் பைத்தியம் என்கிறார்கள். ஒரு நல்லவனைச் செய்வதற்காக ஒரு சேரி முழுவதையும் இருட்டில் நிறுத்தவேண்டியிருக்கிறது. கேட்பவர் மனதில் இரண்டு படங்களும் சேர்ந்தே பதிகின்றன: நந்தன் மகான், சேரி இப்படித்தான். பிறரைப் பற்றி இரக்கத்தோடு சொல்லப்படும் கதைகளிடம் நான் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பதற்கு இதுவே காரணம். வெறுப்போடு சொல்லப்படும் கதையை எதிர்த்துச் சண்டை போடலாம். கண்ணீரோடு சொல்லப்படும் கதையை என்ன செய்வது?

1892இல் சென்னையில் நடந்த மகாஜன சபைக் கூட்டம் ஒன்றில் அயோத்திதாசப் பண்டிதர், எங்கள் மக்களைச் சிவன், விஷ்ணு கோயில்களுக்குள் விடுவீர்களா என்று கேட்டார். கூட்டத்திலிருந்த சாஸ்திரியார் ஒருவர் எழுந்து, உங்களுக்குத்தான் மதுரைவீரனும் காட்டேரியும் இருக்கின்றனவே, சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு எதற்கு என்ற கருத்தில் பதில் சொன்னார். பண்டிதரே இதை எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பதில் பாரதியார் கீர்த்தனையிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. கீர்த்தனை எந்தக் காற்றைச் சுவாசித்ததோ அதே காற்றில்தான் அந்தப் பதிலும் பிறந்தது.

அயோத்திதாசர் கதையை அடியோடு புரட்டினார். 1907இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசா தமிழன்' இதழில் தொடராக எழுதிய இந்திரர் தேச சரித்திரத்தில் நந்தன் வருகிறான். பண்ணையாளாக வரவில்லை, பக்தனாகவும் வரவில்லை. அரசனாக வருகிறான். பௌத்த அரசன். வெளியிலிருந்து வந்து அந்தணர் வேடம் போட்டவர்களைக் கேள்வி கேட்டு மடக்குகிறான். அவர்கள் சூழ்ச்சி செய்து அவனைக் கொல்கிறார்கள். பிறகு கொன்றதை மறைத்து, சோதியில் கலந்தான் என்று கதை கட்டுகிறார்கள். ஒரு வாசிப்பில் இது துப்பறியும் கதை. எரிந்த உடம்பு கிடைக்கவில்லை, வழிபாடு மட்டும் கிடைக்கிறது என்றால் நடந்தது என்ன என்று கேட்கிறார் பண்டிதர்.

படித்தவர்கள் இதைக் கற்பனை என்று தள்ளினார்கள். ஆனால் பண்டிதர் இதை வெறும் கையால் முழம் போடவில்லை. நந்தன் என்றொரு ராஜா ஆண்டான், தோலில் காசு அடித்தான், சதியில் மாண்டான் என்று வாய்மொழிக் கதைகள் சோழநாட்டில் இருந்தன. செஞ்சி, விழுப்புரம் பக்கம் துரிஞ்சலாற்றுத் தண்ணீரைப் பனமலை ஏரிப் பக்கம் கொண்டுபோகும் கால்வாய்க்கு நந்தன் கால்வாய் என்றுதான் பெயர். அது நந்திவர்மப் பல்லவன் பெயர் என்று ஒரு கட்சி, நந்த ராஜா பெயர் என்று இன்னொரு கட்சி. எனக்கு முடிவு சொல்லத் தெரியும் என்று பாவனை செய்யமாட்டேன். நான் கவனிப்பது வேறு. தோல் கொடுத்தவன் என்று ஊர் சொன்ன கதையைச் சேரி, தோலையே காசாக்கி ஆண்டவன் என்று மாற்றிச் சொல்லியிருக்கிறது. இழிவுக்கு அடையாளமாக இருந்த பொருளைக் கொண்டே அரசமுத்திரை குத்தியிருக்கிறது. இதைவிடக் கூர்மையான பதிலை நான் படித்த எந்த விமரிசனத்திலும் பார்த்ததில்லை.

இருந்தாலும் இந்த அரசன் கதையில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. மதிப்புக்கு எதற்குக் கிரீடம்? குளம் வெட்டியவன், பேரிகைக்குத் தோல் பதம்பார்த்துக் கொடுத்தவன் என்ற நிலையிலேயே ஒருவனுக்கு மதிப்பு கிடையாதா? கிடையாது என்று ஊர் நினைத்தது. அந்த நினைப்பின் எதிரில் நின்று பேசும்போது அயோத்திதாசருக்கும் அரண்மனை தேவைப்பட்டது. தமிழ்நாட்டில் பல சாதிகள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆண்ட பரம்பரைக் கதைகளை அச்சிட்டுக்கொண்டிருந்த காலம் அது. எல்லாருக்கும் ராஜா தாத்தா வேண்டியிருந்தார். ஆனால் மற்றவர்களின் ராஜா தாத்தா தமக்குக் கீழே இருப்பவர்களை மிதிக்கப் பயன்பட்டார். நந்த ராஜா யாரையும் மிதிக்கவில்லை. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமாகாது.

நந்தனின் மக்கள் எல்லாரும் அயோத்திதாசர் வழியில் போகவுமில்லை. ஆரணிப் பக்கம் பிறந்த சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரிலேயே கல்விக்கழகம் தொடங்கினார். சைவத் துறவி அவர். தில்லைக்குள் போகமுடியாமல் நின்றவரின் பெயரை, அதே ஊரில் தம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் நெற்றியில் எழுதினார். பிறகு சட்டமன்றத்துக்கும் போனார். எரிந்த கதையை அவர் மறுக்கவில்லை, அரசன் கதையைத் தேடவுமில்லை. பெயரை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் கட்டினார். காந்தியும் நந்தனாரைப் போற்றினார். அவருக்கு நந்தன் ஒரு சத்தியாக்கிரகி, துன்பத்தைத் தாங்கியே எதிராளியை மாற்றியவன். அது முழுக்கப் பாரதியாரின் நந்தன். சேக்கிழாரிடம் மாறுவதற்கு எதிராளியே கிடையாது.

1934இல் புதுமைப்பித்தன் 'புதிய நந்தன்' எழுதினார். ஆதனூருக்கு ரயில் வந்துவிட்டது. ஒரு பக்கம் ஊர்ப் பெரியவரின் மகன், காந்தி பக்தன். இன்னொரு பக்கம் சேரியில் பிறந்து, கிறிஸ்தவனாகி, அதிலும் அடிபட்டு, சுயமரியாதைக்காரனாகி வந்த இளைஞன். நடுவில் கண் தெரியாத கிழவன் கருப்பன், அந்த இளைஞனின் தகப்பன். தண்டவாளத்தில் நடக்கும் கிழவனைக் காப்பாற்ற இருவரும் ஓடுகிறார்கள். மூன்று பேர் மேலும் ரயில் ஏறுகிறது. தீயை எடுத்துவிட்டு ரயிலை வைத்த அந்தக் குரூரமான நகைச்சுவை புதுமைப்பித்தனுக்கே வரும். யார் காப்பாற்றுவது என்பதில் போட்டி, காப்பாற்றப்பட வேண்டியவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு, 1935இல், 'பக்த நந்தனார்' படம். நந்தனாராக நடித்தவர் கே.பி.சுந்தராம்பாள். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய் என்பது அன்று நாடெங்கும் பேச்சு. வேதியராக மகாராஜபுரம் விசுவநாதையர். ஒரு பெண் நந்தனாராக வந்தார் என்பதை நம் ஆய்வாளர்கள் இன்னும் கொஞ்சம் பொறுமையாக யோசிக்கலாம். 1942இல் ஜெமினி எடுத்த 'நந்தனார்' வந்தது, தண்டபாணி தேசிகர் நடித்தார். வீடுவீடாகக் கிராமபோனில் நந்தன் பாடினார். சென்னை மாகாணம் முழுவதற்குமான கோயில் நுழைவுச் சட்டம் 1947இல்தான் வருகிறது. அதாவது இந்த இரண்டு படங்களையும் பார்த்து, நந்தன் உள்ளே போனதும் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள், தங்கள் ஊர்க் கோயில் வாசலில் நின்றவரை உள்ளே விடவில்லை. கதையில் உள்ளே விட்டாயிற்று, கடன் தீர்ந்தது.

இந்தப் போலிக் கணக்கை உடைத்தவர் என்.எஸ்.கிருஷ்ணன். 'கிந்தனார்' காலட்சேபத்தை 1949இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் இன்றிரவே பாருங்கள். பாரதியாரின் கதையமைப்பையும் காலட்சேப மெட்டையும் அப்படியே எடுத்துக்கொண்டு, சிதம்பரத்துக்குப் பதிலாகப் பட்டணத்தையும், தரிசனத்துக்குப் பதிலாகப் படிப்பையும் வைத்தார். வாத்தியார் அடித்து விரட்டிய கிந்தன் ரயிலேறிப் போய்ப் படித்து, பள்ளிக்கூடங்களைச் சோதிக்கும் அதிகாரியாகவே திரும்பி வருகிறான். அதே வாத்தியார் அவனை வரவேற்க நிற்கிறார். தீ இல்லை, பூணூல் இல்லை, மறைந்துபோவதும் இல்லை. கிந்தன் திரும்பி வருகிறான் என்பதைக் கவனியுங்கள். சேக்கிழார் முதல் ஜெமினி வரை யாருடைய நந்தனும் ஊருக்குத் திரும்பவில்லை. உள்ளே போனவர் மறைந்துவிட்டதால், போனபின் அவரோடு எப்படிப் பழகுவது, எங்கே உட்காரவைப்பது, எப்படிக் கூப்பிடுவது என்ற சங்கடம் எதுவும் யாருக்கும் வரவில்லை. அந்தச் சங்கடத்தைக் கொண்டுவந்து வாத்தியார் முன்னால் நிறுத்தியது ஒரு நகைச்சுவை நடிகர்.

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கூலி கேட்டவர்கள், அவர்களுடைய பெண்கள், பிள்ளைகள். ஆதனூர்க் கதை உலவிய அதே டெல்டா. அந்த நிகழ்ச்சியை வைத்துக் 'குருதிப்புனல்' நாவல் எழுதிய இந்திரா பார்த்தசாரதி, பிறகு 'நந்தன் கதை' என்ற நாடகமும் எழுதினார். அதில் நந்தனும் அவன் காதலி அபிராமியும், மேல்சாதியார் சேர்ந்து செய்த சூழ்ச்சியில் தீக்குள் போகிறார்கள். வெண்மணிக்குப் பிறகு தமிழில் ஒருவர் தீயை அருள் என்று எழுதுவது கஷ்டம். அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அயோத்திதாசர் சொன்னதைக் கற்பனை என்று தள்ளிய இலக்கிய உலகம், வேறொருவர் நாடகமாக எழுதியபோது கைதட்டியது. இதிலும் யார் சொன்னார் என்பது வேலை செய்திருக்கிறது. சொன்னவரின் பெயர் மாறியதும் அதே கதை நம்பத் தக்கதாகிவிட்டது.

பழங்கதையை ஏன் கிளறுகிறீர்கள் என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். சிதம்பரம் கோயிலின் தெற்கு வாசல் பக்கம் இருக்கும் சுவர் நந்தன் நுழைந்த வழியை அடைக்க எழுப்பியது என்று மக்கள் நம்புகிறார்கள். அதை அகற்றச் சொல்லி நம் காலத்திலேயே போராட்டம் நடந்து ஆட்கள் கைதானார்கள். கோயில் தரப்பு அந்தக் கதையை மறுக்கிறது. கட்டடக்கலை அறிஞர்கள் சுவரின் வயதைப் பேசலாம், பேசவேண்டும். ஆனால் கோயில் பெரியபுராணத்தை ஓதிக்கொண்டே, அதில் தெற்கு வாசல் வந்ததற்குப் பொருள் தேடாதே என்று மற்றவர்களிடம் சொல்ல முடியாது. கதையை ஆயிரம் ஆண்டு சொல்லிவிட்டு, கேட்டவன் அதை நம்பி வந்து வாசலில் நிற்கும்போது, அது வெறும் கதை என்று சொல்வது என்ன நியாயம்?

இத்தனை சொல்லுதலிலும் நந்தன் பேசுவதாக வருவதெல்லாம் பிறர் எழுதிக் கொடுத்த பேச்சு. சேக்கிழாரிடம் வருந்துகிறார், பாரதியாரிடம் கெஞ்சுகிறார், அயோத்திதாசரிடம் வாதாடுகிறார், காந்தியிடம் பொறுக்கிறார். வாய்மொழிக் கதைகளில்தான் அவருக்குக் கொஞ்சம் திமிர் இருக்கிறது. அந்தக் கதைகளை ஸ்டாலின் ராஜாங்கம் போன்ற சிலர் தேடிப்போய்க் கேட்டு எழுதினார்கள், ரவிக்குமார் போன்றவர்கள் நந்தனைத் திரும்பப் பேசுபொருளாக்கினார்கள். வேலை இன்னும் பெரும்பகுதி மிச்சம் இருக்கிறது. இந்தக் கல்லூரியிலிருந்து கொள்ளிடக் கரை தூரமில்லை. முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு கிடைக்கவில்லை என்று என்னிடம் வரும் மாணவர்களுக்கு இதைச் சொல்லுகிறேன். ஆதனூர், திருப்புன்கூர் வட்டாரச் சேரிகளிலும், நந்தன் கால்வாய் ஓடும் ஊர்களிலும் உள்ள முதியவர்களிடம் போய் உட்காருங்கள். நந்தனார் கதை சொல்லுங்கள் என்று கேட்காதீர்கள், சினிமாக் கதைதான் வரும். இந்தக் குளத்தை வெட்டியது யார், இந்தக் கால்வாயை வெட்டியது யார், இந்த மேட்டுக்கு ஏன் இந்தப் பெயர் என்று கேளுங்கள். சொல்லுகிறவர் பெயரையும், அவருக்கு யார் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒன்றுக்கொன்று முரணாக வந்தால் இரண்டையும் எழுதுங்கள், எது சரி என்று அங்கேயே உட்கார்ந்து தீர்ப்பு சொல்லவேண்டாம். எழுதியதை அவர்களிடமே திரும்பப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் திருத்துவார்கள். அந்தத் திருத்தங்களை அழிக்காமல் ஆய்வேட்டில் அப்படியே சேருங்கள்.